கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண்மாய் நிறைந்துவிட்டது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. நான் இங்குள்ள மது, போதை மீட்புச் சேவைக்கு மாறியதை அறிந்து, குடியை நிறுத்த டாக்டரும் கவுன்சிலரும் போதாதா, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் நம்மைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எதற்கு என்று கேட்டிருந்தாய். இங்கேயும் பலர் அதைத்தான் கேட்கிறார்கள்.

மருந்துக்கும் சட்டத்துக்கும் ஸ்காட்லாந்தில் குறைவில்லை. ஹெராயினை விட விரும்பி வருபவருக்கு அன்றைக்கே மெத்தடோன் போன்ற மாற்று மருந்தைத் தொடங்க வழி இருக்க வேண்டும் என்பது 2021இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளில் முதலாவது. மதுவுக்கு 2018 மே மாதம் யூனிட்டுக்கு (அதாவது பத்து மில்லி தூய ஆல்கஹாலுக்கு) 50 பென்ஸ் என்று குறைந்தபட்ச விலை வைத்து, 2024 செப்டம்பரில் அதை 65 பென்ஸாக உயர்த்தினார்கள். ஆனால் பல ஆண்டுகளாகக் குடித்தே பொழுதைக் கழித்தவர், நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் டிசம்பரில், குடியை விட்டபின் அந்த நேரத்தை என்ன செய்வார் என்பதற்கு மருந்துச்சீட்டில் இடமில்லை. குடி அவருக்கு ஏறக்குறைய ஓர் உத்தியோகம். அதற்கென்று நேரம், இடம், கூட்டாளிகள், காசு புரட்டும் அலைச்சல் எல்லாம் இருந்தன. மனிதர் அன்றாடச் செயல்களை எப்படித் தேர்ந்து, பழகி, செய்கிறார் என்று விளக்கும் கீல்ஹாஃப்னரின் மாதிரியில் 'பழக்கம்' என்ற பகுதியைக் கல்லூரியில் தேர்வுக்காக உருப்போட்டோமே, அதன் பொருள் எனக்கு இங்கு வந்த பிறகுதான் விளங்கியது.

நாங்கள் பெரும்பாலும் அவரவர் சமையலறையில்தான் மதிப்பீடு செய்கிறோம். தேநீரும் டோஸ்ட்டும் செய்யச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்ப்போம். ஒருவர் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்) கிண்டலும் கேலியுமாகப் பேசி என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே, தண்ணீர் ஊற்றாத கெட்டிலின் சுவிட்சைப் போட்டார். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றார். நெடுநாள் குடியும் அரைகுறைச் சாப்பாடும் சேர்ந்து, பி1 வைட்டமினாகிய தயமின் குறைந்து மூளை பாதிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இப்படிப்பட்டவர் சொன்ன தேதிக்கு வராவிட்டால், ஆர்வமில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எவ்வளவு எளிது பார்! அலமாரிக் கதவுகளில் பெயர்ச்சீட்டு, சுவரில் அன்றாட வேலைப் பலகை, கெட்டிலுக்கு அருகிலேயே மாத்திரைப் பெட்டி என்று தொடங்கினோம். குடியை விட்டு, நல்ல சாப்பாடும் தயமினும் தொடர்ந்து கிடைத்தால் பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நினைவு தேறும். அதுவரை வீடே அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

உங்கள் மீட்பு மையத்தில் கூடை பின்ன வைப்பதைக் கேலி செய்திருந்தாய். பின்னட்டுமே, அதில் தவறில்லை. வீடு திரும்பியவர் அதைத் தொடப்போவதில்லை என்பதுதான் என் குறை. அவர் முன்பு கொத்தனாரா, மீன்பிடித்தவரா, பேரனைப் பள்ளியில் விட்டு வந்தவரா என்று கேட்டு, அதிலிருந்தே சிறுகச் சிறுகத் தொடங்குவது மேல் என்பேன். அங்கே தங்கி வீடு திரும்புபவர்களை, பிறகு யாரேனும் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்களா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கண்ணன்