‘வா’ ஏன் சரியாக விழவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் நலம்தானே.

நீயே செதுக்கிய ரப்பர் ஸ்டாம்ப்பில் ‘பொங்கல் வாழ்த்து’ என்று குத்தி அனுப்பிய அட்டை, காணும் பொங்கல் முடிந்து ஆறாம் நாள் வந்து சேர்ந்தது. கவரைப் பிரித்ததும் அம்மா அதை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டாள். நான் எடுத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். நீ போட்டிருப்பது தாளுக்குள் ஊறிப்போகிற சாய மை. வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சிவப்பு வெளிறிவிடும்.

பின்பக்கம் பென்சிலில் நீ எழுதியதையும் படித்தேன். ‘ஸாரிப்பா, வா சரியா விழல. எவ்வளவோ அழுத்திப் பார்த்தேன்.’ போனில் நல்லாயிருக்கும்மா என்று மட்டும் சொன்னேன். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் பாதியில் பேரன் வந்து பிடுங்கிக்கொள்வான். அதான் கடிதம்.

முதலில் வேறொன்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ‘அட்டையில வடிவம் வெட்டுற டை மிஷின் வாங்கியிருக்கேன்பா’ என்று நீ சொன்னபோது நான் ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் என்று அம்மா சொன்னாள். என் இடது கை நடுவிரல் நுனி கதவு இடுக்கில் போனதாகத்தான் நீ சின்ன வயதில் இருந்து நம்பிக்கொண்டிருக்கிறாய். கதவு இல்லை, அச்சகத்தில் பிளேடு பதித்த டையால் அட்டையை வெட்டுகிற பஞ்சிங் மிஷின். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், தீபாவளி முடிந்து பொங்கல் அட்டை ஓடிக்கொண்டிருந்த நேரம். ராத்திரி ஷிப்ட். வலது கையால் அட்டையை வைக்க வேண்டும், இடது கையால் எடுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மிஷின் வாயை மூடும். ஒரு தாள் கோணலாகப் போயிற்று, நேராக்கப் போனேன். அவ்வளவுதான். சிவகாசியில் விரல் போனவனைப் பார்த்தால் எல்லாரும் பட்டாசு என்றுதான் நினைப்பார்கள், அதனால் நானும் விளக்கம் சொல்லாமலே தப்பித்துக்கொண்டேன்.

அதனால்தான் டை மிஷின் என்றதும் வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் நீ வீடியோவில் காட்டினாய். கரும்பு ஜூஸ் பிழிகிற மாதிரி ஒரு கைப்பிடி, இரண்டு உருளை, நடுவில் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு இடையே டையும் அட்டையும். அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தட்டுகள் ஒரே பக்கமாக வளைந்துபோகும், ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டு ஓட்டு.

உன் டை எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் டை பிளைவுட் பலகை. அதில் கோடு போட்டு ரம்பத்தால் அறுத்து, உருக்கு பிளேடை வளைத்து அடித்து இறக்குவார்கள். வெட்டுகிற பிளேடு 23.8 மில்லிமீட்டர் உயரம், மடிப்பு விழுகிற பிளேடு அதைவிடக் கொஞ்சம் குட்டை, முனை மழுங்கல். பிளேடுக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்போம், வெட்டின அட்டையைத் தள்ளிவிட. உன்னுடையது மெல்லிய தகடு, அதில் ஸ்பாஞ்ச் கிடையாது. அதனால்தான் அந்தக் கோலப் பூ டையில் காகிதம் சிக்கிக்கொள்கிறது. தகட்டில் குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்கின்றனவே, ஊசியால் குத்தித் தள்ளுவதற்குத்தான் அவை. டைக்கும் அட்டைக்கும் நடுவில் மெழுகுத்தாள் ஒன்று வைத்தால் இன்னும் சுலபமாகக் கழன்றுவிடும்.

இன்னொன்று நினைத்துச் சிரித்தேன். பஞ்சிங் கழிவை நான் சாக்கு சாக்காக வீட்டுக்குக் கொண்டுவருவேன், அடுப்புப் பற்றவைக்க. பூ, நட்சத்திரம், கவர் மூலை எல்லாம் கிடக்கும். நீ அதைப் பொறுக்கி நோட்டில் ஒட்டுவாய். இப்போது அதே பூவை வெட்டப் பவுண்டு கொடுத்து டை வாங்குகிறாய்.

சரி, ‘வா’வுக்கு வருகிறேன்.

அங்கே தமிழ் எழுத்தில் ஸ்டாம்ப் கிடைக்கவில்லை என்று ரப்பரில் நீயே செதுக்கியிருக்கிறாய். டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி, கவிழ்த்துத் தேய்த்து, இடவல மாற்றமாக இறக்கி. அதில் ஒரு தப்பும் இல்லை. நான் 1979ல் கம்போசிங்கில், ஈய எழுத்துக் கோக்கிற வேலையில், சேர்ந்தபோது ஆறு மாதம் கண்ணாடி எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத்தான் பழகினேன். நீ செதுக்கிய ‘ங்’ பார்த்தேன், புள்ளி உடையாமல் நிற்கிறது. ரப்பரில் புள்ளியைத் தனியாக நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஈய எழுத்திலேயே புள்ளிதான் முதலில் தேயும்.

இப்போது அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ‘வா’ மங்கல். ஆனால் அடுத்த எழுத்து ‘ழ்’ எப்படி இருக்கிறது தெரியுமா? சுழிக்குள் மை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஸ்டாம்ப்பில் ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் அஜீரணம். நீ அழுத்த அழுத்த, ஏற்கெனவே நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த ‘ழ்’தான் நசுங்கியது. ‘வா’வுக்கு அந்த அழுத்தம் போய்ச் சேரவே இல்லை. ஏனென்றால் அந்த இடத்தில் ரப்பர் தாழ்வு. செதுக்கும்போது கட்டைவிரலால் அங்கேதான் பிடித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

இதைச் சரிசெய்வதற்கு அச்சகத்தில் மேக்ரெடி என்று பெயர். ட்ரெடில் என்கிற அச்சு மிஷினில் பாரத்தை, அதாவது கோத்து முடித்த எழுத்துப் பக்கத்தை, ஏற்றி முதல் தாளை அடித்ததும் மெஷின்மேன் அதைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவுவார். எங்கே புடைப்பு அதிகம், எங்கே ஒன்றுமே இல்லை என்று விரல் சொல்லிவிடும். மங்கலான எழுத்து எதுவோ, அந்த இடத்துக்கு மட்டும் டிஷ்யூ தாளைக் கிழித்துப் பசையால் அடியில் ஒட்டுவார். கத்தரிக்க மாட்டார், கிழிப்பார். கிழித்தால் ஓரம் மெலிந்து போகும். வெட்டினால் அந்த ஓரமே ஒரு கோடாகப் பதியும். மறுபடி ஒரு தாள், மறுபடி தடவல். சில பாரத்துக்கு இதற்கே அரை நாள் போகும், முதலாளி வாசலில் நின்று முறைப்பார். மெஷின்மேன் அழுத்தத்தை மட்டும் கூட்ட மாட்டார். கூட்டினால் எழுத்து சாகும்.

நீயும் அதைச் செய். அக்ரிலிக் கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவில், ‘வா’ இருக்கிற இடத்தில் மட்டும், கிழித்த மெல்லிய தாள் ஒன்று. போதவில்லை என்றால் இரண்டு. அட்டைக்கு அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றைப் போட்டுக்கொள். மையைத் தொடும்போது ஸ்டாம்ப்பை மைப்பெட்டியில் குத்தாதே. ஸ்டாம்ப்பை நிமிர்த்தி வைத்து, மைப்பெட்டியை அதன்மேல் தட்டித் தட்டிப் போடு, சுழிக்குள் மை இறங்காது. உள்ளங்கையால் ஒரே நேராக அழுத்து, ஆட்டாதே. டை ஒரு மூலையில் வெட்டாமல் போகிறது என்றாயே, அதற்கும் இதே வைத்தியம்தான்.

அட்டை மடிப்பில் மேற்பூச்சு லேசாக விண்டிருக்கிறது. தாளுக்கு நார் ஓடுகிற திசை ஒன்று உண்டு. நாரோடு மடித்தால் வாழைப்பட்டை மாதிரி மடங்கும், குறுக்கே மடித்தால் உடையும். கையில் இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தாலே தெரியும், சுலபமாக வளைகிற பக்கம்தான் நார். ஏ4 அட்டையில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 148.5க்கு 210 மில்லிமீட்டர். அந்த 210ஐ 105ல் மடித்தால் மடிப்பு நாரோடு வரும். நீ நீளமாக வெட்டிக் குறுக்கே மடித்திருக்கிறாய். அப்புறம், மடிப்புக் கோடு போட்டதும் ஒரு பக்கம் மேடு எழும்பும் அல்லவா, அந்த மேடு உள்பக்கம் போக வேண்டும். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும், எனக்கும் முதலில் தோன்றியது.

பானையில் தங்கப் பொடி ஊதிப் பொங்கவைத்திருக்கிறாயே, அது அருமை. கல்யாணப் பத்திரிகைக்கு இங்கே அதைத்தான் செய்வார்கள், ஈர மையில் பொடி தூவி, மிச்சத்தைத் தட்டி, சூட்டில் உருக்கி. உன் அட்டையில் பானையைச் சுற்றி நாலைந்து பொடி சிதறி ஒட்டியிருக்கிறது. கைச் சூட்டுப் பிசுக்கு. ஸ்டாம்ப் குத்துவதற்கு முன் அட்டைமேல் முகப் பவுடரைத் துணியால் லேசாகத் தடவித் தட்டிவிடு. ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பத்தாது, காற்றில் பொடிதான் பறக்கும்.

நீ போனில் சொன்ன அந்த லண்டன்காரர் கதையை அச்சகத்துப் பழைய ஆள் ஒருவரிடம் சொன்னேன். 1843ல் ஹென்றி கோல், வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை. ‘ஆயிரமா? நமக்கு ஒரு மணி நேர ஓட்டம்’ என்றார் அவர். ஆனால் கல்லச்சில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் பூசி, ஒன்று ஒரு ஷில்லிங் என்றதும் பேச்சு நின்றது. படத்தில் சின்னக் குழந்தைக்கும் ஒயின் கொடுப்பதைச் சொன்னேன். ‘இங்கே அடித்திருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும்’ என்றார். அங்கேயும் கூடத்தான் செய்ததாம்.

லட்சக்கணக்கில் அட்டை ஓட்டியிருக்கிறேன். ஜல்லிக்கட்டு, கரும்பு, பானை, நடிகர்கள், ஜிகினா தூவியது, திறந்தால் பாட்டுப் பாடுவது வரை. புரட்டாசியில் தொடங்கினால் மார்கழி முடிய மூச்சுவிட நேரம் இருக்காது. நீ திருச்சி ஹாஸ்டலில் இருந்த மூன்று வருஷமும் பொங்கலுக்கு உனக்கு ஒன்று அனுப்ப வேண்டும் என்று நினைப்பேன். கடையில் ஒன்றரை ரூபாய்க்கு விற்கிறதைக் காசு கொடுத்து வாங்கவும் மனசு வராது, அச்சகத்தில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளவும் மனசு வராது. கழிவில் மை தீற்றியது கிடைக்கும், அதை அனுப்ப வெட்கம். இப்படியே மூன்று வருஷம் போய்விட்டது.

ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்து கம்போசிங்கை மூடியபோது எழுத்தையெல்லாம் ஈய விலைக்கு எடை போட்டார்கள். அன்றைக்கு ஒரே ஒரு எழுத்தை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன், தலைப்புக்குப் போடுகிற பெரிய ‘ழ’. இத்தனை வருஷம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. சுழியைப் பார், எவ்வளவு அகலம் விட்டு வெட்டியிருக்கிறான். அடுத்த ஸ்டாம்ப் செதுக்கும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள். தபாலில் போட்டால் கவரைக் கிழித்துக்கொண்டு விழும் என்று, மாசியில் அங்கே வருகிற உன் சித்தி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஈயம், தொட்டால் கை கழுவு. பேரன் எடுத்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா