சைக்கிளில் ஒயின் ஊர்கள்: வழிகாட்டி தண்டச்செலவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் ஒயின் ஊர்களைச் சைக்கிளில் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'குடிமகன்களின் சொர்க்கம்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். போதாக்குறைக்கு, 'பாதை நெடுக அம்புக்குறி இருக்கிறது, வழிகாட்டிக்குக் கொடுப்பது தண்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை போடுகிறவன். குடிப்பழக்கம் கிடையாது. வியன்னாவில் வேலை பார்க்கும் மகன், போன ஜூலையில் என்னை ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்குக்கு ஒரு வழிகாட்டிக் குழுவோடு அனுப்பிவைத்தான். அதனால் இரண்டு விஷயத்துக்கும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

மெல்க், கிரெம்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே டான்யூப் ஆறு ஓடும் சுமார் 36 கிலோமீட்டர்தான் வாஹாவ். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். சைக்கிள் பாதை ஆற்றை ஒட்டியே, பெரும்பாலும் சமதளமாகப் போகிறது. வழி தவற வாய்ப்பே இல்லை. அதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. ஆனால் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று அம்புக்குறி சொல்லாதே!

அங்கே திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே பெஞ்சு போட்டு, சொந்த ஒயினையும் வீட்டுப் பண்டங்களையும் விற்கிறார்கள். ஹொய்ரிகர் என்று பெயர். 1784-ல் இரண்டாம் ஜோசப் மன்னர் போட்ட உத்தரவால் வந்த உரிமை அது. ஆனால் எல்லா நாளும் திறந்திருக்காது. இந்த வீடு சில வாரம், அது மூடியதும் இன்னொரு வீடு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். திறந்திருந்தால் வாசல் கம்பத்தில் பச்சைத் தழைக்கொத்து தொங்கும். தழை இல்லாத வாசலில் நின்று பயனில்லை. எங்கள் வழிகாட்டி ஒரு திராட்சைக் குடும்பத்துப் பெண். எந்த வாரம் யார் வீட்டு முறை என்பது அவருக்கு மனப்பாடம். பிரதான சாலையிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத ஒரு சந்துக்குள் கூட்டிப்போய், வால்நட் மரத்தடியில் உட்காரவைத்தார்.

மரப்பலகையில் கருப்பு ரொட்டி, கூடவே லிப்டாவர் வந்தது. பாலாடைக்கட்டியில் வெங்காயம், சீமைச் சோம்பு, சிவப்பு மிளகாய்த்தூள் போட்டுக் குழைத்தது. நிறத்தைப் பார்த்துப் பயந்தேன், காரம் துளியும் இல்லை. அசைவக்காரர்களுக்குக் குளிர்ந்த பன்றி இறைச்சித் துண்டுகள். குடிக்காத எனக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு. யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. குடித்தவர்களும் பாதிக்குப் பாதி சோடா கலந்துதான் குடித்தார்கள், பின்னே சைக்கிள் மிதிக்க வேண்டுமே. அந்த நாட்டுச் சட்டம் சைக்கிளையும் விட்டுவைக்கவில்லை. ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.8 பங்கு ஆல்கஹால் வந்துவிட்டால் அபராதம் உண்டு. சொர்க்கத்தில் இப்படியெல்லாம் ஊதச் சொல்வார்களா, தெரியவில்லை.

வாஹாவ் என்றால் திராட்சை மட்டுமல்ல, ஆப்ரிகாட்டும்தான். அந்தப் பழத்துக்கு 1996-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். எங்கள் பன்னீருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். ஸ்பிட்ஸ் என்ற ஊரில் ஆப்ரிகாட் உருண்டை சாப்பிட்டோம். முழுப் பழத்தைப் பாலாடை மாவுக்குள் பொதிந்து, வெந்நீரில் வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். பார்க்க நம்மூர்ப் பூரணக் கொழுக்கட்டைதான். கரண்டி பட்டதும் உள்ளிருந்து புளிப்பும் இனிப்புமாகச் சாறு கொதிக்கக் கொதிக்க வழிகிறது. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்புறம் அந்தக் கல் சுவர்கள். கட்டுரையில் 'அழகிய படிக்கட்டு வயல்கள்' என்று மூன்று சொல்லில் போய்விட்டது. எங்கள் ஊரில் தலைக்கு மேல் பந்தல். அங்கே செங்குத்தான சரிவில் இடுப்பளவு, மார்பளவுக் கொடி, அந்த மண்ணைத் தாங்குவது சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கல். ஏன் பூசவில்லை என்று கேட்டேன். பூசினால் மழைத்தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும், இடுக்கு வழியே வடிந்தால்தான் நிற்கும் என்றார் வழிகாட்டி. சரிந்த இடத்தை அவர்கள் வீட்டிலேயே கையால் திரும்ப அடுக்குகிறார்களாம். அந்தக் கற்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயரைத்தான் வாஹாவின் உயர்ந்த ரக ஒயினுக்கு, ஸ்மராக்ட் என்று வைத்திருக்கிறார்கள். கவாத்து முதல் அறுவடை வரை நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. குழுவில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியிருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. 1192-ல் பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்த டூர்ன்ஸ்டைன் ஊரில் கப்பலில் வந்து இறங்கும் கூட்டம் நெரிகிறது. அங்கே அரை நாளைக் கழித்தது வீண். அந்த நேரத்தைப் படகுத்துறையில் செலவழித்திருக்கலாம். மெல்க்கைத் தாண்டினால் கிரெம்ஸ் பக்கம் மவுட்டர்ன் வரை ஆற்றில் பாலமே கிடையாது. ஸ்பிட்ஸில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் இல்லாமல் நீரோட்டத்தின் வேகத்திலேயே ஒரு படகு அக்கரை போகிறது, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம்.

குழுவோடு போனால் செலவு கூடத்தான் ஆகும். பெட்டி படுக்கையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள், முட்டி வலிக்காரர்களுக்கு மின்சார சைக்கிள் தருகிறார்கள். என் வயசுக்காரர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, எந்த மாதம் போவது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆப்ரிகாட் வேண்டுமென்றால் ஜூலை நடுவில், திராட்சை அறுவடை பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசிக்கு மேல்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.