அனுபவம் இல்லாதவனுக்கு மட்டும் திறக்கும் கதவு

கொழிஞ்சாம்பாறை
ஆடி 22

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காற்றைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஆடியில் பேயாட்டம் ஆடுகிறது. களத்தில் கொப்பரை மேல் போட்ட தார்ப்பாய், ஓரத்தில் வைத்த கல்லையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பேர் அதைப் பிடிப்பதற்கென்றே நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆளியாற்றுத் தண்ணீர்க் கவலை. ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து கேரளத்தில் இருக்கும் எங்கள் சித்தூருக்கு வருடம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும், வந்ததா இல்லையா என்று இங்கே கணக்குப் பார்க்காத டீக்கடை கிடையாது. நீ உடுமலைக்காரன், உன்னிடம் இதைத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். விட்டுவிடுகிறேன்.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்காரர் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. ஒழுக்கம் போதிக்கவில்லை, காரியத்தைச் சொல்கிறேன். 2014 முதல் பி.எஃப். கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஆயுளுக்கும் ஒரே எண். எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தான், எப்போது விலகினான் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். ஓரளவு பெரிய நிறுவனம் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான். எண் இல்லாத இரண்டு வருட அனுபவத்தை உன் பையன் எப்படி விளக்குவான்? தப்பித் தவறி உள்ளே போய்விட்டாலும், இரண்டு வருடம் செய்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை முதல் வாரமே கேட்பார்கள். அப்போது அவன் முழிக்கிற முழியை அவன் வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டான்.

என் சின்ன மகள் கதையைச் சொல்கிறேன். போன வருடம் பி.காம். முடித்தாள், நல்ல மதிப்பெண். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குக் கூட்டிப்போனேன். வாயிலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். பெயர், நேரம், அப்புறம் 'எந்த நிறுவனத்திலிருந்து' என்று ஒரு கட்டம். அவளுக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றவள், கடைசியில் 'கொழிஞ்சாம்பாறை' என்று எழுதினாள். உள்ளே ஐந்து நிமிடம்கூட இல்லை. அனுபவம் இல்லை, மலையாளத்தில் கடிதம் எழுதவும் வராது என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் எல்லோரையும்போல மலையாளம் சரளமாகப் பேசுவாள். பள்ளியில் படித்தது தமிழ்வழி, எழுத்துதான் தடுமாறும். கோயம்புத்தூர் போனால் மொழித் தொல்லை இல்லை, அனுபவத் தொல்லை மட்டும். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டவர்கள் எங்களைக் கேரளப் பக்கம் விட்டதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. ஆனால் வேலை தேடுகிற பிள்ளைக்கு ஒரே கதவு இரண்டு பக்கமும் சாத்திக்கொள்கிறது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். "புதியவர்களை யாருமே எடுக்காவிட்டால் அனுபவம் எந்த மரத்தில் காய்க்கும்?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நம் மில்லுக்குக் கணக்காளர் தேவை என்று விளம்பரம் போட்டீர்களே, 'இரண்டு வருட அனுபவம் அவசியம்' என்று என்னைத்தானே தட்டச்சு செய்யச் சொன்னீர்கள்" என்றாள். சித்தூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

உண்மைதான் முருகேசா. அந்த விளம்பரத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அனுபவமே இல்லாமல் வந்தது ஒரு பெண் மட்டும், வேலந்தாவளத்துப் பக்கம். தேங்காய்க்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு, கொப்பரைக்கு எவ்வளவு என்று கேட்டேன். "தெரியாது ஐயா" என்றாள். தேங்காய்க்கு இல்லை, கொப்பரைக்கு ஐந்து சதவீதம் என்று சொன்னேன். உடனே பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, "காயை உடைத்துக் காய வைத்தால் வரி வந்துவிடுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளை எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்தது நான்கு வருட அனுபவமுள்ள ஒருவரை. நான்காவது மாதம், கோயம்புத்தூரில் இரண்டாயிரம் கூடக் கிடைக்கிறது என்று சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எல்லைக்கு அப்பால் போன மூன்று லோடுக்கு சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் விவரம் எங்கே வைத்தார் என்று இன்னும் தேடுகிறேன். பிறகு அந்த வேலந்தாவளத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஏன் அனுபவம் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலை அவ்வளவு கடினமா? இல்லை. ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்குச் சோம்பல். சொல்லிக்கொடுத்த பிறகு ஓடிவிடுவார்களோ என்று பயம். சோம்பலையும் பயத்தையும் விளம்பரத்தில் போட முடியாது, அதனால் 'அனுபவம்' என்று போடுகிறோம். அந்தக் காலத்தில் நாம் வேலைக்குச் சேர்ந்தபோது காங்கேயத்து முதலாளி நம் இருவரிடமும் கேட்டது 'கூட்டல் தப்பில்லாமல் வருமா' என்பது ஒன்றுதான் என்று நீ எழுதியிருந்தாய். உண்மை. ஆனால் முதல் மூன்று மாதம் அவர் நமக்குக் கொடுத்தது சாப்பாடும் பஸ் காசும் மட்டுமே என்பதை மறந்துவிட்டாய்.

அந்தச் சாப்பாடு-பஸ் காசு ஏற்பாட்டுக்கு இப்போது சட்டப்படி ஒரு வடிவம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961இலேயே வந்தது. முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்கு மட்டும். 1973இல் பொறியியல் படித்தவர்களைச் சேர்த்தார்கள். 2014 திருத்தத்தில்தான் பி.காம்., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கும் வழி வந்தது. பட்டதாரிக்கு ஒரு வருடப் பயிற்சி. உதவித்தொகை மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019 விதிகளில் வைத்தார்கள், அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். என் மில்லில் பதினொரு பேர். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, கேரளமும் அதற்குள்தான். முடித்ததும் தருகிற சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகவே பதியலாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவன் இதில் சேர முடியாது. கன்சல்டன்சிக்காரரின் சான்றிதழை வாங்கியிருந்தால் இந்தக் கதவையும் உன் பையனே சாத்தியிருப்பான்.

தேன் ஒழுகப் பேசவில்லை. வருடம் முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வருடா வருடம் ஆளை மாற்றி, மலிவான கையாகவே வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. சேருவதற்கு முன், போன வருடம் பழகியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பையன் கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சின்னவளை என் மில்லிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். "அப்பாவிடம் வேலை பார்த்ததை யார் அனுபவமாக ஏற்பார்கள்?" என்கிறாள். திருப்பூரில் ஒரு இடத்தில் பழகுநராகச் சேர அடுத்த வாரம் போகிறாள். இங்கே என் மில்லில் ஒரு பழகுநர் இடம் பதிவு செய்திருக்கிறேன். ஜவுளிக்கடைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். கடையில் சம்பளம் கூட, அதனால் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

உன் பையனின் தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். சின்னவளுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் என் பெயரே முழுதாக. அதைச் சரி செய்யவே மூன்று வாரம் போயிற்று. அவனுக்கும் அப்படி இருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்கு அனுப்பு.

அன்புடன்,
வேலுச்சாமி