முருகன் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெறலாமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று; "முருகன் என்ற பெயர் இனி ஆகாது, வேதத்திலிருந்து ஒரு பெயர் எடு" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "சவுல் பவுலாகவில்லையா?" என்பதுதான் அவர்கள் காட்டும் ஆதாரம். அதிலிருந்தே தொடங்குவோம்.

சபையைத் துன்பப்படுத்திவந்த சவுல், தமஸ்கு வழியில் இயேசுவின் ஒளி கண்டு விழுந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில். அங்கே பெயர் மாறவே இல்லை. 13:2-இல் பரிசுத்த ஆவியானவரே அவரைச் சவுல் என்றுதான் சொல்கிறார். பிறகு சீப்புரு தீவில், ரோம அதிபதியின் முன் நிற்கும்போதுதான் "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்று வருகிறது (13:9). யூதருக்குள் சவுல், ரோமருக்குள் பவுல். இரண்டும் அவருக்கு இருந்த பெயர்களே.

இன்னும் பாருங்கள். அப்பொல்லோ என்பது அப்போலோ என்ற கிரேக்கத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. எப்பாப்பிரோதீத்து என்ற பெயருக்குள் அப்ரோதீத்தே என்ற தேவி இருக்கிறாள். பவுல் இருவரையும் உடன்வேலையாட்களாக மதித்து, அந்தப் பெயர்களாலேயே நிருபங்களில் எழுதினார்.

தேவன் பெயர் மாற்றிய இடங்கள் வேறு வகை. ஆபிராம் ஆபிரகாம் ஆனபோது வயது 99, ஈசாக்கு பிறக்கவில்லை (ஆதியாகமம் 17). எபிரெயத்தில் கூடியது 'ஹே' என்ற ஒரே எழுத்து. அது சுமந்ததோ திரளான ஜாதிகளுக்குத் தகப்பன் என்ற வாக்கு.

யாக்கோபின் காரியம் இதைவிட ஆழம். கண் மங்கிய தகப்பன் "நீ யார்" என்று கேட்டபோது, "நான் ஏசா" என்று சொல்லி ஆசீர்வாதத்தை வாங்கியவன் அவன். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியுமட்டும் போராடி மறுபடியும் ஆசீர்வாதம் கேட்கிறான். "உன் பேர் என்ன?" என்ற கேள்வி வருகிறது. இந்த முறை "யாக்கோபு" என்கிறான். குதிகாலைப் பிடித்தவன், ஏமாற்றுக்காரன் என்று அண்ணன் பழித்த அதே பெயர். அதை ஒப்புக்கொண்ட பிறகே இஸ்ரவேல் என்ற பெயர் கிடைக்கிறது. அதன் பிறகும் பழைய பெயர் அழியவில்லை; எகிப்துக்குப் போகும் வழியில் தேவன் அவனை "யாக்கோபே, யாக்கோபே" என்றுதான் கூப்பிடுகிறார் (ஆதியாகமம் 46:2).

ஆட்சியாளர்கள் சுமத்தும் பெயரும் உண்டு. பாபிலோனில் தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் என்று பெயரிட்டார்கள். அவர் மறுத்தது ராஜாவின் போஜனத்தை. பெயருக்காகப் போராடியதாக வேதம் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் இரண்டு வழிக்கும் முன்மாதிரி உண்டு. நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயரின் பொருளை அப்படியே தமிழாக்கிய பெயர் அது. 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்பிரட் என்ற பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டாலும் கடைசிவரை கிருஷ்ண பிள்ளைதான். சபைகள் அவர் பாட்டை இன்றும் பாடுகின்றன.

ஆகவே, கட்டாயத்துக்காக மாற்றாதீர்கள். மனதார விரும்பினால் பொருள் தெரிந்து எடுங்கள். வீட்டார் நாவில் புரளும் தமிழ்ப் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: ஞானஸ்நானச் சான்றிதழில் புதுப்பெயர் எழுதியதாலேயே ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் மாறிவிடாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாக வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்முன் இனிஷியலையும் ஆங்கில எழுத்துகளையும் முடிவுசெய்து, எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் திரும்ப அலைய வேண்டிவரும்.