கரக்பூர்க்காரனுக்கு வேலூரில் வேலை

அன்புள்ள மாப்ளே,

ஸ்தோத்திரம். வீட்டில் எல்லாரும் சுகம். டிராயிங் மாஸ்டருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் திறந்ததும் உன் ஆர்மோனியம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றுதான் கேட்டார். நீ ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

இப்போது எங்கள் சபையில் வேறு சண்டை. ஞாயிறு பள்ளி ஹால் வாரம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கிறது. இங்கே வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர் நோயாளிகளின் துணைக்கு வந்தவர்கள் படுக்க அதைத் திறந்துவிடலாம் என்று கமிட்டியில் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். சபை லாட்ஜ் நடத்துவதா? யாரென்றே தெரியாதவர்களை எப்படி நம்புவது?

நீ காந்தி ரோடு பக்கம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போது கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. மளிகைக் கடையில் கடுகு எண்ணெய். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள் உண்டு. 'ரிசல்ட் வர ஒரு வாரமாகும்' என்றால் ஊருக்குப் போய்த் திரும்ப முடியுமா? இங்கேயே கிடக்க வேண்டியதுதான். ரூமிலேயே சோறு பொங்கிச் சமாளிக்கிறார்கள். அப்படியும் வைத்தியத்துக்குக் கொண்டுவந்த பணம் வாடகையில் கரைந்துவிடுகிறது.

பைபிளில் வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவினானே நல்ல சமாரியன், அந்தப் பிரசங்கம் நாம் கேட்காததா? எல்லாரும் எண்ணெய் வார்த்துக் காயம் கட்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் என்ன செய்தான் அவன்? சத்திரத்துக்குக் கூட்டிப் போனான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். லாட்ஜ் வாடகைதானே மாப்ளே அது! இதைத்தான் கமிட்டியில் எழுந்து நின்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஐடா ஸ்கடர் அம்மாவையும் இழுத்தேன். இந்தியாவில் தங்குகிற எண்ணமே இல்லாத இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்குக் கூப்பிட வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். டாக்டரான அப்பா வருகிறேன் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். முகம் தெரியாத அந்த மூன்று பேருக்காக அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் ஒரு ஹாலுக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

வருகிறவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும்தான் அதிகம். 'ஆளுக்கொரு சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுக்கலாமே' என்றார் ஒரு பெரியவர். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு ஆபரேஷன் என்று கலங்கி நிற்கிறவனிடம், தங்க இடம் கொடுத்ததைச் சாக்காக வைத்துப் பிரசங்கம் செய்தால் அது அன்பாகுமா? ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபிப்போம். கேட்காவிட்டால் பாயும் தலையணையும் போதும்.

கடைசியில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கச் சம்மதித்தார்கள். ஆதார் நகல் வாங்க வேண்டுமாம், அது நியாயம்தான். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் அரசுக்கு அதற்கான படிவம் அனுப்ப வேண்டும் என்பதால் பங்களாதேஷ் ஆட்கள் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. அவர்கள்தானே ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறவர்கள்? படிவத்தை யாராவது பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால் அதையும் கேட்டு வாங்கிவிடலாம்.

இங்கேதான் நீ வருகிறாய். கரக்பூரில் ரயில்வே உத்தியோகம் பார்த்துக்கொண்டே வங்காளிகளோடு பந்தயம் கட்டி மீன் தின்றவன் நீ. எங்களில் ஒருவருக்கும் அந்தப் பாஷை வராது. எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் திண்டாடுகிறார்கள். ரிட்டையர் ஆகி டிவி பார்த்தது போதும். ஜூனில் திறக்கிறோம். ஒரு மாதமாவது வந்து இரு; மாடி அறை உனக்குத்தான். தங்கச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன். டிக்கெட் எடுத்துவிட்டு எழுது.

உன் மச்சான்