வளவை விற்பது பற்றி

அன்பின் மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியை வைத்த விதம் சரியில்லை. நீ கேட்டது சின்னக் கேள்விதான். ஊரில் கிடக்கும் மூன்று பரப்பு வளவை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள் அப்பா என்று கேட்டாய். மறுமொழி வரவில்லை, கோபம் வந்துவிட்டது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். சுற்றிவளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் டாக்ஸி ஓடிய காலத்தில் லண்டனின் மேற்கே நோர்தோல்ட் விமானத்தளத்தைத் தாண்டும் இடத்தில் 'போலிஷ் வார் மெமோரியல்' என்று ஒரு வீதிப் பலகை வரும். வந்த புதிதில் அது ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்தேன். சிரிக்காதே, உன் மாமாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். பிறகு ஒரு கிழவர் எனக்கு வாடிக்கையானார். கிழமைக்கு ஒருமுறை கண் வைத்தியரிடம் கூட்டிப் போவேன். ஒருநாள் அந்தச் சந்தியில் நிறுத்தச் சொன்னார். வெள்ளைக் கல்லில் உயர்ந்த தூண், உச்சியில் வெண்கலக் கழுகு, பின்னால் சுவர் நிறையப் பெயர்கள். ஐந்தாறு பெயர்களை விரலால் தடவிவிட்டு வந்து ஏறினார். போர்க்காலத்தில் போலந்து விமானப் படையின் மெக்கானிக்காக இருந்தவர் என்பது அன்றுதான் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் அவர் கதைக்க நான் கேட்டேன். வீட்டுக்கு வந்து நூலகப் புத்தகங்களில் சரிபார்த்தேன். உன் அம்மாவுக்கு அது பைத்தியமாகப் பட்டது.

1939 செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத்தும் போலந்துக்குள் இரண்டு பக்கமும் நுழைந்தபோது அந்த நாட்டு விமானிகள் ருமேனியாவுக்குள் இறங்கினார்கள். அங்கே முகாமில் அடைத்தார்கள். சிவில் உடுப்பும் பொய்க் கடதாசியுமாகத் தப்பி, கருங்கடல் துறைமுகத்தில் கப்பலேறி, பெய்ரூத் வழியாகப் பிரான்சின் மார்செய். 1940 ஜூனில் பிரான்சும் விழ, மீண்டும் கப்பல், இங்கிலாந்து. இதைச் சொல்லிவிட்டு, "நீ எப்படி வந்தாய்?" என்று கிழவர் என்னைக் கேட்டார். வேறொருவனுடைய பாஸ்போர்ட்டில் என்றேன். கண்ணீர் வரச் சிரித்தார். ஒரு வித்தியாசம் உண்டு பிள்ளை: அவர்கள் சண்டை பிடிக்க இடம் தேடிப் போனவர்கள், நான் சண்டையை விட்டு ஓடி வந்தவன். அதை மறைத்து உனக்குக் கதை சொல்ல மாட்டேன்.

இங்கு வந்ததும் அவர்களைப் பறக்க விடவில்லை. ஆங்கிலம் தெரியாது என்றார்கள். பல நூறு மணிநேரம் பறந்தவர்களைப் பெரிய முச்சக்கர சைக்கிளில் ஏற்றி, ரேடியோவும் திசைகாட்டியும் பூட்டி, உதைபந்தாட்டத் திடலில் அணிவகுத்து ஓட விட்டார்கள். கையும் காலும் பழையதை மறக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு விமானத்தில் பிடியைப் பின்னால் இழுத்தால் வேகம் கூடும், இங்கத்தைய ஹரிக்கேன் விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். ஊரில் அவர்கள் ஓட்டிய விமானங்களில் சக்கரம் எப்போதும் வெளியேதான் நிற்கும். இங்கே இறக்க மறந்து வயிற்றில் இறங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தளபதிகளில் ஒருவராகப் போன ஜோனி கென்ட், கனடாவில் நீ இருக்கும் வின்னிபெக் ஊரவர். அவர் போலிஷ் சொற்களைத் தன் காற்சட்டைக் காலில் எழுதி வைத்துக்கொண்டு பறந்தாராம். மொழி தெரியாதவனிடம் நீ வா என்று சொல்லாமல் தானே பாதி வழி நடந்த மனிதர். அவருக்கு அங்கே ஏதாவது வீதிப்பெயர் இருந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

நோர்தோல்ட்டில் இருந்தது போலந்து விமானிகளின் 303ஆம் ஸ்குவாட்ரன், அதாவது ஒரு விமானப் பிரிவு. 1940 ஓகஸ்ட் 30இல், பயிற்சிப் பறப்பில், பாஸ்கியேவிச் என்பவர் எதிரி விமானத்தைக் கண்டு அணியைவிட்டு விலகிப் போய்ச் சுட்டு வீழ்த்தினார். கட்டளை மீறியதற்கு ஏச்சு, கூடவே பாராட்டு. அடுத்த நாள் ஸ்குவாட்ரனைச் சண்டைக்கு இறக்கிவிட்டார்கள். ஜெர்மன் விமானங்கள் பிரிட்டனைத் தாக்கிய அந்தப் போரில், ஆறு கிழமைக்குள் 126 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அந்தக் கணக்கைக் குறைத்தார்கள், அது எல்லா ஸ்குவாட்ரனுக்கும் நடந்ததுதான். பாஸ்கியேவிச் செப்டம்பர் 27இல் இறந்தார். அவர்களோடு பறந்த செக்காரர் யோசெப் ஃபிரான்டிசெக் ஒரே மாதத்தில் பதினேழு வீழ்த்தியவர். 26ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், ஒக்டோபர் 8இல், விழுந்து செத்தார். அதே ஸ்குவாட்ரனில் பறந்து, நாட்குறிப்பும் எழுதிய ஃபெரிச் 1942 பெப்ரவரியில் நோர்தோல்ட்டுக்கு மேலேயே போனார். அவருக்குப் பிறகு மற்றவர்கள் அந்தக் கொப்பியை எடுத்து எழுதினார்கள். ஃபிரான்டிசெக்கும் ஃபெரிச்சும் கிடப்பது நோர்த்வுட் சவக்காலையில். ஒருமுறை பூக்கொண்டு போனேன், உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

எல்லோரும் அந்த ஆறு கிழமையைத்தான் சொல்வார்கள். கிழவருக்கு அதில் அவ்வளவு அக்கறையில்லை. அவர் சொல்லிச் சொல்லி மாளாதது அதற்குப் பிறகு வந்த வருடங்களை.

போர் முடியும் தறுவாயில் யால்டாவில் அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் தலைவர்கள் கூடிப் போலந்தின் கிழக்குப் பாதியை சோவியத்துக்கு விட்டார்கள். கிழவருடைய ஊர் லுவூவ், அதற்குள் போயிற்று. 1946 ஜூனில் லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது போலந்துப் படைகளுக்கு அழைப்பில்லை. இருபத்தைந்து விமானிகளை மட்டும் பிரிட்டிஷ் விமானப் படையோடு நடக்கக் கூப்பிட்டார்கள். அவர்கள் போகவில்லை. கிழவர் அன்று அறையில் படுத்துக்கொண்டு, மேலே பறந்த விமானங்களின் இரைச்சலைக் கேட்டு எந்த எஞ்சின் சரியாக ஓடவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

திரும்பிப் போனவர்களும் உண்டு. ஸ்கால்ஸ்கி 1947இல் போனார். வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையில் போலந்துக்காரரில் அவரே முதல்வர். அங்கிருந்த கம்யூனிஸ்ட் அரசு 1948இல் உளவாளி என்று பிடித்தது, மரணதண்டனை விதித்தார்கள், பிறகு ஆயுள் தண்டனையாக்கி 1956இல் விட்டார்கள். இந்தச் செய்தி இங்கு வர வர, இங்கிருந்தவர்கள் பெட்டியை அவிழ்க்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. கிழவர் கடைசிவரை வீடு வாங்கவில்லை, வாடகைதான். "அடுத்த வருடம் போய்விடுவோமே" என்பாராம். லண்டனில் ஒரு போலந்து அரசாங்கமே ஜனாதிபதியோடு காத்திருந்தது. 1990 டிசம்பரில்தான் அந்த ஜனாதிபதி வார்சாவுக்குப் போய் முத்திரையையும் கொடியையும் அங்கே புதிதாகத் தெரிவான ஜனாதிபதி வலேசாவிடம் கொடுத்தார்.

அதன்பிறகு கிழவர் ஊருக்குப் போனார். விசா எடுத்துக்கொண்டு, தன் ஊருக்கு. இப்போது அது உக்ரைன். வீட்டிலிருந்த ஆட்கள் தேநீர் கொடுத்தார்கள். அவர்களும் எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். யாரிடம் என்ன கேட்பது? குடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றார்.

இதை அவர் சொன்ன அன்று நான் டாக்ஸிக் காசு வாங்க மறந்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வருடம் ஒரு மனிதர் வாடகை வீட்டில் இருந்ததைப் பெருமை என்று நான் அப்போது நினைத்தேன். நீ கேட்டபின் யோசித்துப் பார்த்தால், அவருடைய பிள்ளைகள் அதை என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கும் இந்த ஆவணியோடு எழுபத்திரண்டு. முதுகு சரியில்லை. உனக்கு அங்கே வீட்டுக் கடன் இருக்கிறது, எனக்குத் தெரியாதென்று நினையாதே, அம்மா சொன்னார்.

எனக்குப் பதிலாக விற்கும் உரிமையைச் சித்தப்பாவுக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவக் கடதாசியில் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன். சித்தப்பா நொத்தாரிசிடம் கொண்டுபோவார். வளவை விற்கட்டும். வேலியோரப் பனைகளுக்குத் தனி விலை பேசச் சொல், அவர் கணக்கில் விட்டுவிடுவார்.

கிணற்றில் எங்களுக்குள்ள அரைப் பங்கை மட்டும் உறுதியில் எழுத வேண்டாம். அள்ள ஆளில்லாத கிணற்றில் பங்கு எதற்கு என்று கேட்பாய். கேட்காதே.

அன்புடன்,
அப்பா