தத்துவத்தைப் பேசிப் படிப்போம்

ஆசிரியருக்கு,

மேற்கத்தியத் தத்துவ நூல்கள் பேராசிரியர் துணையில்லாமல் புரியாது என்று ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை என்னால் ஏற்க முடியவில்லை. சாக்ரடீஸ் நூல் எதையும் எழுதவில்லை, பேசினார். பிளேட்டோ எழுதியதும் உரையாடல்களாகத்தான். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் 1641இல் 'தியானங்கள்' நூலை வெளியிட்டபோது ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் போன்றோரின் ஆட்சேபங்களையும் தன் பதில்களையும் சேர்த்தே அச்சிட்டார். எதிர்த்துக் கேட்க இடம் விட்டு எழுதிய நூல்கள் இவை.

'தியானங்கள்' நூலைத் தனியாகப் படித்தபோது நான் இரண்டாம் தியானத்தைத் தாண்டவே இல்லை. அப்புறம் நண்பர்கள் மூன்று பேரோடு உட்கார்ந்து வாசித்தேன். அந்தத் தியானத்தில் வருவதுபோல் நெருப்பருகே மெழுகு உருகி மணம், நிறம், வடிவம் எல்லாம் மாறிய பிறகும் அது அதே மெழுகுதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற ஒரே கேள்வியில் ஒரு மாலை முழுக்கப் போனது, தத்துவமே படிக்காத நண்பர்தான் எங்களை அதிகம் திணறடித்தார். வாரம் ஒரு மூலநூல் பகுதியை எளிய தமிழில் வெளியிட்டு, அதைப் பற்றி இரு வாசகர்கள் பேசிக்கொண்டதையும் பக்கத்திலேயே போடுங்கள். பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலிலிருந்து தொடங்கலாம். சிறியது, முடிவான விடை சொல்லாமலே நிற்பது.

ஒரு வாசகர்